வரப்பு இல்லாத வயல்கள்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

நாட்டிங்ஹாம்ஷயர், இங்கிலாந்து
டிசம்பர் 9

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். நீங்களும் பெரியம்மாவும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன தடவை பேசும்போது, "அங்கே கிராமத்தில் பஞ்சாயத்து உண்டா? வரப்புத் தகராறு வந்தால் யார் தீர்த்து வைக்கிறார்கள்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கும் லாக்ஸ்டன் என்ற ஊரை வைத்தே சொல்கிறேன். இந்த நாட்டில் வேறெங்கும் ஏறக்குறைய அழிந்துபோன பழைய சாகுபடி முறை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கேள்விக்குச் சரியான பதிலும் அந்த ஊரில்தான் இருக்கிறது.

முதலில் பஞ்சாயத்து. இங்கே அடிமட்ட நிர்வாகத்துக்குப் பெயர் 'பாரிஷ்'. ஆதியில் அது ஒரு தேவாலயத்துக்குக் கட்டுப்பட்ட பகுதி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அந்தத் தேவாலயத்துக்குப் போகும். 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் அதற்கான வரி வசூலும் பாரிஷின் தலையில் வந்தன. அப்படித் தனியாக ஏழை வரி வசூலித்த பகுதிகளைத்தான் 1866-இல் சிவில் பாரிஷ் என்று சட்டம் வரையறுத்தது. 1894-இல் தேவாலய வேலை வேறு, ஊர் வேலை வேறு என்று பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சிலை உண்டாக்கினார்கள். லாக்ஸ்டனும் மூர்ஹவுஸ் என்ற குக்கிராமமும் சேர்ந்து ஒரே பாரிஷ். அதற்கு மேலே நியூவார்க் அண்டு ஷெர்வுட் மாவட்டம், அதற்கும் மேலே நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டி. சாலை கவுண்டியின் வேலை. குப்பை அள்ளுவதும் வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் மாவட்டத்தின் வேலை. நடைபாதை, அறிவிப்புப் பலகை, பெஞ்சு, பஸ் நிழற்குடை, இடுகாடு போன்ற சின்ன வேலைகளைப் பாரிஷ் பார்க்கலாம். வீடு கட்ட விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லலாம், ஆனால் முடிவு அதன் கையில் இல்லை.

பணம் எப்படி வருகிறது என்றால், அடுத்த ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று பாரிஷ் கணக்குப் போட்டு மாவட்டத்துக்கு எழுதும். மாவட்டம் அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கும். 6,000 பவுண்டு கேட்கிறார்கள், வரி கட்டுவது 100 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குச் சராசரி 60 பவுண்டு. வீண் செலவு செய்தால் அடுத்த ரசீதிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். கவுன்சில் கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாகப் பொருள் பட்டியலை ஒட்ட வேண்டும். மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஆண்டுக்கு ஒரு தடவை வாக்காளர் எல்லோருக்குமான கூட்டம் உண்டு. நம் கிராம சபை மாதிரிதான்.

ஆனால் வயலில் நடக்கும் விவகாரம் எதுவும் இந்தக் கவுன்சிலுக்கு வராது. லாக்ஸ்டனில் அதற்கு வேறு ஒரு சபை இருக்கிறது. அதைச் சொல்லுமுன் நிலத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும்.

ஊர் நியூவார்க் நகரத்துக்கு வடமேற்கே, ஆலர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபோர்டுக்கும் பக்கத்தில், சிறு மேடும் பள்ளமுமான நிலத்தில் இருக்கிறது. மண் செங்களி. மழையில் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு காலைத் தூக்கவிடாது, வெயிலில் காய்ந்தால் செங்கல்லாகிவிடும். வீடுகளும் களஞ்சியங்களும் சிவப்புச் செங்கல்லில்தான். இந்த மண்ணில் உழவுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அக்டோபரில் கோதுமை விதைக்கக் காத்திருக்கும்போது விடாமல் பத்து நாள் மழை பிடித்தால், டிராக்டர் இறங்கின இடமெல்லாம் அமுங்கி இறுகி, விதை மூச்சு முட்டி அழுகிவிடும்.

இங்கிலாந்து கிராமப்புறத்தில் எங்கே பார்த்தாலும் முள்மரத்தில் உயிர்வேலி தெரியும். லாக்ஸ்டனின் மூன்று பெரிய புலங்களில் அது கிடையாது. மேற்குப் புலம், ஆலைப் புலம், தெற்குப் புலம் என்று பெயர். ஒவ்வொன்றும் திறந்த வெளி. ஒவ்வொரு புலத்துக்குள்ளும் பல குடியானவர்களின் நிலம் நீளநீளமான பட்டைகளாகக் கலந்து கிடக்கிறது. ஒருவருக்கு மேற்கில் நான்கு, தெற்கில் மூன்று, ஆலைப் புலத்தில் ஐந்து என்று சிதறியிருக்கும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கிடைக்கும் ஏற்பாடு இது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் வரப்பு கிடையாது பெரியப்பா, வெறும் ஓர் உழவுச் சால்தான் எல்லை.

அந்தச் சால் எப்படி வந்தது என்பது உங்களுக்குப் பிடிக்கும். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கிழிக்கும், புரட்டாது. இவர்களுடைய கலப்பைக்கு ஒரு பக்கம் இறக்கை உண்டு. மண்ணை எப்போதும் வலப் பக்கமே புரட்டும். பட்டையின் நடுவில் முதல் சால் போட ஆரம்பித்து, வலஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி ஓரத்துக்கு வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் மண் நடுவை நோக்கியே விழும். பல தலைமுறை இப்படி உழுதால் நடு மேடாகி, இரண்டு ஓரமும் பள்ளமாகிவிடும். மேட்டில் பயிர், பள்ளத்தில் வடிகால். தண்ணீர் வடியாத களிமண்ணுக்கு இதைவிடச் சிக்கனமான வழி அந்தக் காலத்தில் இல்லை. உழுவதை நிறுத்திப் புல்லாக விட்ட இடங்களில் அந்த அலை அலையான மேடுபள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது நிழலில் துல்லியமாகத் தெரியும். பழைய பட்டைகள் நேராகவும் இருக்காது. இரண்டு முனையிலும் லேசாக வளைந்து, எஸ் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கும். எட்டு மாடு பூட்டின நீண்ட ஏரை முனைக்கு வந்தபிறகு திருப்ப முடியாது. வருவதற்கு முன்பே சாய்த்துக்கொண்டு வர வேண்டும். அந்தச் சாய்வுதான் வளைவு.

அளவையும் சொல்லிவிடுகிறேன். மாடுகள் ஒரே மூச்சில் இழுக்கக்கூடிய சால் நீளம் என்று கணக்கு வைத்தது 660 அடி. அகலம் 66 அடி வைத்தால் ஓர் ஏக்கர். நிஜத்தில் பட்டைகள் நிலத்தின் போக்குக்கு ஏற்பப் பெரிதும் சிறிதுமாகத்தான் இருந்தன. ஆனால் ஏக்கருக்கு மூலம் இதுதான். 1620 வாக்கில் கன்டர் என்பவர் அளவுச் சங்கிலியை 66 அடியாக, 100 லிங்க்காக அமைத்தார். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். உங்கள் பீரோவில் இருக்கும் பழைய புலப்படத்தில் லிங்க் கணக்கில் எழுதியிருக்கிறதே, அந்தச் சங்கிலிதான். இந்த நாட்டு மாட்டு ஏரின் அளவு நம் ஊர் சர்வே எண் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சாகுபடி மூன்றாண்டுச் சுழற்சி. ஒரு புலத்தில் குளிர்காலக் கோதுமை, அக்டோபரில் விதைத்து ஆகஸ்டில் அறுப்பு. இரண்டாவது புலத்தில் வசந்தகாலத்தில் விதைக்கும் பார்லி, பட்டாணி, பீன்ஸ் வகைகள். மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு எல்லாம் ஒரு புலம் நகரும். தரிசு என்றால் சும்மா போடுவதில்லை. நாம் கோடை உழவு ஓட்டுகிற அதே காரணம். அருகு மாதிரி வேரோடிப் பரவும் ஒரு புல்லும் முட்செடிகளும் இங்கே பெரிய தொல்லை. திரும்பத் திரும்ப உழுது வேரை மேலே போட்டால் வெயில் காயவைத்துவிடும். பெரிய கட்டிகளைக் குளிர்காலத்து உறைபனி உடைத்துப் பொடியாக்கும். ஆடு மேய்ந்தால் எருவும் கிடைக்கும். களைக்கொல்லியும் உரமும் வந்த பிறகு அதன் அவசியம் குறைந்துவிட்டது, இப்போது அந்தப் புலத்தில் தீவனப் பயிர் எடுக்கிறார்கள். ஆனால் சுழற்சியை மாற்றவில்லை. ஒருவர் மட்டும் மாற்ற முடியாது என்பதுதான் விஷயம். பக்கத்துப் பட்டைக்காரர் அறுத்துவிட்டுப் போகும்போது உங்கள் பயிர் பச்சையாக நின்றால், வண்டி போக வழி ஏது?

புலங்களுக்கு நடுவே உழ முடியாத ஈரப் பள்ளங்களும் சரிவுகளும் உண்டு. 'சைக்' என்பார்கள். ஓடைக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை ஒருபோதும் உழப்படாத பொதுப் புல். ஒவ்வொரு கோடையிலும் அறுக்கும் உரிமையை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் புல்லறுத்து வைக்கோல் போல் காயவைத்துக் கட்டிக்கொள்வார். உரம் போடாமல், ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் அறுத்து வந்ததால், வேறிடங்களில் அழிந்துபோன புல்வெளிப் பூக்கள் இங்கே நிற்கின்றன. அதற்காகவே அரசு இவற்றைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்திருக்கிறது. உரம் கொட்டினால் முரட்டுப் புல் எழும்பிப் பூச்செடிகளை அமுக்கிவிடும். போன பூ எளிதில் திரும்பாது. நம் ஊர் வாய்க்கால் புறம்போக்கை நினைத்துக்கொண்டேதான் அந்தப் புல்லைப் பார்த்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரப்பு இல்லை, சால்தான் எல்லை என்றால், ஆளுக்கு ஒரு சால் தள்ளி உழ மாட்டார்களா? உழுவார்கள். அதிலும் பக்கத்துக்காரர் நிலத்தில் தள்ளுவது குறைவு, அவர் பார்த்துக்கொண்டிருப்பார். பொது வண்டிப்பாதையிலும் சைக் ஓரத்திலும்தான் தள்ளுவார்கள், அது யாருடையதும் இல்லையே! ஆண்டுக்கு ஓர் அடி என்றால் மூன்று உழவில் மூன்றடி. இரண்டு பக்கமும் இப்படி நடந்தால் பாதையில் அறுவடை இயந்திரம் நுழையாது. வடிகாலைத் தூர்வாராமல் விடுவது, பாதையில் கல்லும் மண்ணும் கொட்டுவது, ஏர் திருப்புகிறேன் என்று அடுத்தவர் முளைப்பயிரில் ஏறுவது எல்லாமும் உண்டு.

இதைக் கவனிக்கத்தான் 'கோர்ட் லீட்' என்ற சபை. நிலவுடைமைப் பிரபுக்களின் காலத்து மன்றம். நாட்டில் இருந்த இப்படிப்பட்ட மன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பல ஊர்களில் இப்போது அவை சடங்கு மட்டும். லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, நிலத்தைப் பற்றிய அதிகாரத்தை விட்டுவைத்தார்கள். இன்றும் அபராதம் போட்டால் கட்டியாக வேண்டும்.

நடைமுறை இப்படி. நவம்பர் கடைசியில் ஜூரி நாள். 12 பேர் கொண்ட நடுவர் குழுதான் ஜூரி, அவர்களில் ஒருவர் தலைவர். எல்லோரும் அங்கேயே பயிர் வைப்பவர்கள். டிராக்டர் டிரெய்லரில் ஏறி, அந்த ஆண்டு கோதுமை விதைத்த புலத்துக்கு மட்டும் போவார்கள். ஆக ஒரு புலத்துக்கு மூன்றாண்டுக்கு ஒரு தடவை முறை வரும். நவம்பரை ஏன் வைத்தார்கள் என்றால், அப்போதுதான் கோதுமை நாலு விரல் முளைத்து நிற்கும். செங்களியில் பச்சைக் கோடு போட்டது மாதிரி யார் எங்கே வரை உழுதிருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு மாதம் முந்தினால் வெறும் மண். வசந்தத்தில் பயிர் பரவி விளிம்பு மறைந்துவிடும்.

கையில் மரமுளைக் கட்டு, ஒரு கொட்டாப்புளி, ஒரு நோட்டு. பாதையின் ஓரத்தில் பழைய முளை நின்ற இடத்தைத் தேடி, புது முளையை அடிப்பார்கள். அடுத்த முளைக்கு ஒருவர் போய் நிற்க, இங்கே ஒருவர் ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்ப்பார். இரண்டு முளைக்கும் நடுவே கோதுமை துருத்திக்கொண்டிருந்தால், அவ்வளவும் ஆக்கிரமிப்பு. காலால் எட்டுப் போட்டு அளந்து, தலைவர் குறித்துக்கொள்வார். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் மாதம் என்பதால் காலையிலேயே கிளம்பி, மதியம் டவ்கோட் இன் என்ற விடுதியில் சாப்பிட்டுவிட்டு, எதற்கு எவ்வளவு அபராதம் என்று பேசி முடிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அதே விடுதியில் மன்றம் கூடும். நிலத்துக்குச் சொந்தமான பண்ணையின் சார்பில் வழக்குரைஞர் ஒருவர் ஸ்டூவர்டாக, அதாவது அதன் பிரதிநிதியாக, இருந்து நடத்துவார். ஜூரியின் அறிக்கை வாசிக்கப்படும், அபராதம் உறுதியாகும், அடுத்த ஆண்டு ஜூரிக்குச் சத்தியப் பிரமாணம் நடக்கும். வராதவர்களுக்குச் சில பென்னி அபராதம். நம் தலையாரி மாதிரி ஒரு பெய்லிஃப் உண்டு. கொண்டி மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைக்க 'பிண்டர்' என்று ஓர் ஆள், அதற்கான பட்டியும் ஊரில் இருக்கிறது.

அபராதத் தொகை சிறியது. ஆனால் 12 பேர் நடுவில் பெயர் வாசிக்கப்படுவதற்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். ஜூரியில் இருப்பவர் நிலத்திலேயே முளை உள்ளே விழுவதும் உண்டு, அப்போது அவர் பெயரையும் அப்படியே எழுதுகிறார்கள். வரப்புத் தகராறு முற்றிக் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைகிற கதைகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! இங்கே தகராறு ஓரடி அளவில் இருக்கும்போதே, எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் நடந்துபார்த்து முளையடித்துவிடுகிறார்கள். மூன்றாண்டுக்கு மேல் எந்தத் தவறும் மண்ணுக்குள் உறைவதில்லை. அந்த ஊரில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

மற்ற ஊர்களில் இது ஏன் போயிற்று என்று கேட்பீர்கள். 1604-இலிருந்து 1914 வரை 5,200-க்கும் அதிகமான அடைப்புச் சட்டங்களைப் பார்லிமென்டு நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கமிஷனர்கள் வந்து அளந்து, சிதறிக் கிடந்த பட்டைகளை ஒன்றாக்கி, ஆளுக்கு ஒரு கட்டு நிலம் ஒதுக்குவார்கள். சொந்தச் செலவில் வேலி போட வேண்டும். பெரிய நிலக்காரருக்கு லாபம். இரண்டு மூன்று ஏக்கர்க்காரர் வேலிச் செலவுக்கே நிலத்தை விற்றார். பொதுத் தரிசில் ஒரு பசு மேய்த்துப் பிழைத்த ஏழைக்குக் காகிதத்தில் உரிமை இல்லாததால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. லாக்ஸ்டனில் நிலம் இரண்டு பிரபுக் குடும்பங்களிடம் பிரிந்து கிடந்ததால், அடைப்பு வேலை சீக்கிரம் கூடிவரவில்லை. ஓரத்து நிலங்கள் வேலிக்குள் போயின, நடுப் புலங்கள் தப்பின. 1900-களின் தொடக்கத்தில் துண்டுப் பட்டைகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்று டிராக்டர் ஓடுவது அதனால்தான்.

இந்தத் திறந்த புலத்தின் சுவடு தெருவிலும் இருக்கிறது. நிலம் மூன்று திசையில் சிதறியிருப்பதால் குடியானவர் எல்லோரும் ஊருக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். பண்ணை வீடும் களஞ்சியமும் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி வரிசையாக நிற்கும், பின்னால் நீளமான கொல்லை. அடைப்பு நடந்த ஊர்களில் வயலுக்கு நடுவே ஒற்றை வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சரித்திரத்தில் ஊர் பெரியது. 1086-இல் எடுத்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் இதன் பெயர் இருக்கிறது. அதற்குமுன் டோக்கி என்பவரிடம் இருந்த நிலம், நார்மன் படையெடுப்புக்குப் பின் ஜெஃப்ரி ஆல்சலினுக்குப் போயிற்று. ஊருக்கு வடக்கே நார்மன்கள் எழுப்பிய மண்கோட்டையின் மேடு இருக்கிறது. ஷெர்வுட் காட்டின் பரம்பரைக் காவல் அதிகாரிகள் அங்கே இருந்தார்கள். கல்கட்டடம் ஒன்றும் மிச்சமில்லை, குன்று மாதிரி மண்மேடும் அகழிப் பள்ளமும்தான்.

எனக்கு வியப்பு 1635-ஆம் ஆண்டு வரைபடம். அப்போது ஊரை வாங்கியிருந்தவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி. வாங்கினது என்னவென்று தெரிய வேண்டாமா? மார்க் பியர்ஸ் என்ற சர்வேயரைக் கொண்டு ஒவ்வொரு பட்டையையும் அளக்கச் செய்து, யாருடையது, எவ்வளவு என்று தனி ஏடும் எழுத வைத்தார். வரைபடத்தில் ஏர் ஓட்டுகிறவர்களும் அறுக்கிறவர்களும்கூடச் சின்னச் சின்னதாக இருக்கிறார்கள். அது இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதே 1635 டிசம்பரில் இந்தக் கோர்ட்டனின் வியாபாரக் கூட்டம்தான் முதலாம் சார்லஸ் மன்னரிடம் அனுமதி வாங்கி, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக நம் மேற்குக் கரைக்குக் கப்பல் அனுப்பியது. கார்வாரில் மிளகுக்காகப் பண்டசாலை வைத்தது அந்தக் கூட்டம்தான். கோர்ட்டன் 1636-இலேயே இறந்துவிட்டார். நிலம் பிறகு பியர்பான்ட் குடும்பத்துக்கு வந்து, அவர்கள் வழியில் மான்வர்ஸ் பிரபுக்களிடம் இருந்தது. 1952-இல் விவசாய அமைச்சகம் வாங்கியது, 1981-இல் அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குக் கொடுத்தது, 2020-இல் மான்வர்ஸ் வழியினரின் தோர்ஸ்பி பண்ணைக்கே திரும்பிவிட்டது. குடியானவர்கள் குத்தகைதாரர்கள்தான். பத்திரம் யார் பெயருக்கு மாறினாலும் நவம்பரில் முளையடிப்பது நிற்கவில்லை.

வெளியாட்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வயலுக்குள் போகும் பொது ஒற்றையடிப் பாதையில் யாரும் நடக்கலாம். விதைப்புக்காக நடுவயல் பாதையை உழுதால், 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி பாதை தெரியச் செய்து கொடுக்க வேண்டும். ஓரத்துப் பாதையை உழவே கூடாது. அதனால்தான் கோதுமைக்கு நடுவே நேர்கோடாக ஒரு வழி தெரியும். நீங்கள் வரும்போது அதில் நடக்கலாம், ஆனால் மழை நாளில் வேண்டாம். அந்தக் களிமண்ணில் செருப்பு தங்காது, முழங்கால் வரை பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.

நீங்கள் விசா எடுப்பதென்றால் நவம்பர் மூன்றாம் வாரத்துக்குள் இங்கே வந்து சேர்கிற மாதிரி எடுங்கள். ஜூரி டிரெய்லரில் போகும்போது பின்னால் பாதையோரம் நின்று பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. 1635 வரைபடத்தின் ஒரு பகுதியை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நம் வாய்க்கால் தெற்கு வயலின் பழைய புலப்படத்தை, லிங்க் எண்கள் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துத் தம்பியிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள
தம்பி மகன்